டாப் ஸ்டேஷனில் ஸ்டேஷன் எங்கே?

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி அணை, குண்டலை ஏரி என்று வேடிக்கை பார்த்தபடி 32 கிலோமீட்டர் போனால் டாப் ஸ்டேஷன். கேரளமும் தேனி மாவட்டமும் தொட்டுக்கொள்ளும் மலை விளிம்பு. கீழே போடி பக்கத்துச் சமவெளி, மேலே மேகம், நடுவில் சூடான மக்காச்சோளம் விற்கும் கடைகள். வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பெயரில் இருக்கும் 'ஸ்டேஷன்' எங்கே என்று கேட்பவர்கள் குறைவு. போலீஸ் ஸ்டேஷன் ஏதோ இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு.

உண்மையில் அது ரயில் நின்ற இடம். மூணாறுக்கும் இந்த மலை விளிம்புக்கும் இடையே ஒரு காலத்தில் ரயில் ஓடியது. குண்டலைப் பள்ளத்தாக்கு ரயில்வே என்று அதற்குப் பெயர்.

காரணம் தேயிலை. பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ இந்த மலைகளை 1877-ல் குத்தகைக்கு எடுத்தார். 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. காட்டைத் திருத்தித் தேயிலை போட்டார்கள். அந்த வேலைக்குத் தமிழ்நாட்டுச் சமவெளிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கங்காணிகள் மலையேற்றினார்கள். இலை விளைந்துவிட்டது, சரி. அதைப் பெட்டியில் அடைத்துக் கப்பலுக்குக் கொண்டுபோவது எப்படி? அதுதான் பெரிய தலைவலி. துறைமுகம் இருந்ததோ தூத்துக்குடியில்.

1902-ல் மூணாறிலிருந்து மலை விளிம்பு வரை வண்டிப்பாதை வெட்டினார்கள். அதையொட்டி வந்தது ஒரு விசித்திர ரயில்: தண்டவாளம் ஒன்றே ஒன்று! மோனோ ரயில் என்றதும் தலைக்கு மேலே தூண்களில் ஓடும் நவீன வண்டி நினைவுக்கு வரும். இது அப்படியில்லை. தரையில் பதித்த ஒற்றைக் கம்பியின்மேல் வண்டியின் சிறு சக்கரங்கள் உருளும். பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குவது அவைதான். வண்டி சாய்ந்துவிடாமல் இருக்கப் பக்கவாட்டில் பெரிய சக்கரம் ஒன்று மண்சாலையில் ஓடிவரும். யூயிங் முறை என்று இதைச் சொல்வார்கள். முன்னால் இழுத்தது எஞ்சின் அல்ல, மாடு. சாலையில் இழுப்பதைவிடக் கம்பியின்மேல் இழுப்பது எளிது. இரட்டைத் தண்டவாளம் போடும் செலவும் மிச்சம். சிக்கனத்தில் இந்த யோசனைக்கு ஈடு சொல்வது கடினம்.

இதே முறையில் பாட்டியாலா சமஸ்தானமும் 1907-ல் ஒரு ரயில் விட்டது. அங்கே ஓடிய நீராவி எஞ்சின் ஒன்று டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. மூணாறு மோனோ ரயில் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்ய விரும்புகிறவர்கள் அதைப் பார்த்தால் போதும்.

ஆனால் தேயிலை பெருகப் பெருக மாடுகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1908-ல் ஒற்றைக் கம்பியை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டார்கள். சின்ன நீராவி எஞ்சின்கள் வந்தன. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு என்று நிலையங்கள் எழுந்தன.

ரயில் வந்து நிற்கும் இடத்தில் மலை செங்குத்தாக இறங்குகிறது. அதற்கு மேல் தண்டவாளம் போட வழியில்லை. அங்கிருந்து ரோப்வே. தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் கீழே இறங்கிக் கொட்டகுடிக்குப் போகும். அந்த அடிவாரம் 'பாட்டம் ஸ்டேஷன்'. மேலே இருந்தது 'டாப் ஸ்டேஷன்'. பெயர்க்காரணம் அவ்வளவுதான். கொட்டகுடியிலிருந்து 15 கிலோமீட்டர் மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர், பிறகு சமவெளி வழியே தூத்துக்குடி, அங்கிருந்து கப்பலில் இங்கிலாந்து. மாடு, எஞ்சின், கம்பி, கப்பல் என்று ஒரு கோப்பைத் தேநீருக்கு எத்தனை வாகனம்!

1924 ஜூலையில் மழை பிடித்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இதைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள். நாள் கணக்கில் விடாமல் கொட்டியது. மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்தன. மாட்டுப்பட்டியில் இரு குன்றுகளுக்கு நடுவே மண்ணும் மரங்களும் அடைத்துக்கொள்ள, தண்ணீர் அணைபோலத் தேங்கிப் பின் ஒரேயடியாக உடைத்துக்கொண்டு மூணாறை நோக்கிப் பாய்ந்ததாகச் சொல்கிறார்கள். பாதை, பாலம், தண்டவாளம் எல்லாம் போயின. ஊரைத் திரும்பக் கட்டினார்கள், ரயிலைக் கட்டவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் பாதை திறந்தது 1928-ல். அதாவது, அடிவாரத்துக்கு ரயில் வந்து சேர்ந்தபோது மலைமேல் ரயில் இல்லாமல் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மிச்சம் என்ன இருக்கிறது? மூணாறின் பழைய ரயில் நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாகிவிட்டது. டாப் ஸ்டேஷனில் ரோப்வேயின் இடிபாடுகள் கிடக்கின்றன. நல்லதண்ணி எஸ்டேட்டில் 2005-ல் திறந்த தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்று இருக்கிறது. அடுத்தமுறை மூணாறு போகிறவர்கள் முதலில் அந்தச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு டாப் ஸ்டேஷனுக்கு வண்டியை விடுங்கள்.