விழுங்குதல் என்னும் விந்தை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

உண்ணும்போது புரையேறினால், உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறார்கள்" என்பது நம் ஊர் வழக்கம். ஆனால் பக்கவாதத்தில் படுத்துவிட்ட முதியவருக்குக் கவளத்துக்குக் கவளம் புரையேறினால், அது யாருடைய நினைப்பும் அன்று, நோயின் அறிகுறி.

தொண்டையில் மூச்சுக்குழல் முன்னும், உணவுக்குழல் பின்னும் அமைந்துள்ளன. உணவுக்குழலின் வாயிலில் 'கிரிக்கோஃபாரிஞ்சியஸ்' என்னும் தசை காவலனைப் போல் நின்று அதை மூடியே வைத்திருக்கிறது. நாம் விழுங்கும்போது முகுளத்தின் ஆணைப்படி குரல்வளை மேலெழும்பும். அதன் மூடி மடியும். காவலன் தளர்ந்து வழிவிடுவான். இவையெல்லாம் ஏறத்தாழ ஒரு நொடியில் நடந்து முடிகின்றன!

பக்கவாதம், பார்க்கின்சன் நோய் போன்றவற்றால் இவ்வொழுங்கு குலையலாம். அப்போது உணவு மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். சிலருக்கு இருமல்கூட வராது, அதுவே பேராபத்து.

இதற்குச் சிகிச்சை உண்டு. பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து, எக்ஸ்-கதிரில் பார்த்துக் குறையைக் கண்டறிவர். மல்லாந்து படுத்து, தோளை உயர்த்தாமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரல்களைப் பார்ப்பது ஒரு பயிற்சி. மோவாயின் கீழுள்ள தசைகள் இதனால் வலுப்பெற்று, வாயிலை நன்கு இழுத்துத் திறக்கும். கழுத்து நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதைச் செய்யலாகாது. தளராத தசையைப் பலூனால் விரிப்பதும், போட்டுலினம் ஊசியால் தளர்த்துவதும், அறுவையால் வெட்டிவிடுவதும் பிற வழிகள். இளம்பிள்ளைவாதத்தால் விழுங்க இயலாத நோயாளிக்கு இவ்வறுவையைச் செய்த செய்தியை, காப்லான் என்னும் மருத்துவர் 1951இல் வெளியிட்டார்.

முகையூர் போன்ற சிற்றூர்களில் நாம் செய்யக்கூடியது என்ன? படுத்திருப்பவர் வாயில் அன்பு மிகுதியால் கஞ்சியோ தண்ணீரோ ஊற்றுகிறோம். அந்த அன்பே உயிருக்கு உலையாகலாம். நிமிர்த்தி உட்காரவைத்து, விழிப்போடு இருக்கும்போது, சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். உண்டபின் அரைமணி நேரமேனும் சாய்க்கக்கூடாது. எல்லோருக்கும் ஒரே பக்குவம் ஒத்துவராது. சிலருக்குத் தண்ணீர் புரையேறும். சிலருக்குக் கெட்டிக் கூழ் தேங்கும். எது தகும் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. விழுங்க முடியவில்லை என்று முதியவர் சொன்னால், "வயதாகிவிட்டது" என்று ஒதுக்காமல் அங்கே அழைத்துச் செல்வோம். நாம் கற்கும் அறிவியல் வகுப்பறையோடு நில்லாமல் வீட்டுத் திண்ணைக்கும் வரட்டும்!