கேள்விக்குறியோடு காத்திருக்கும் பாரி

பழவேற்காடு முகத்துவாரத்தில் இன்று காலை 6 மணிக்குக் கடல்நீர் ஏறி உச்சம் தொட்டால், நாளை காலை அந்த உச்சம் ஏறக்குறைய 6.50-க்குத்தான் வரும். அதற்கு மறுநாள் 7.40 ஆகிவிடும். முகத்துவாரம் கடந்து படகெடுக்கும் மீனவர்களுக்கு இது பழகிய கணக்கு. அமாவாசையிலிருந்தோ பௌர்ணமியிலிருந்தோ நாளை எண்ணி, நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அது ஏன் 50 நிமிடம்?

பூமி ஒரு சுற்று முடிப்பதற்குள் நிலா தன் பாதையில் கொஞ்சம் முன்னே போய்விடுகிறது. அதை எட்டிப்பிடிக்கப் பூமி இன்னும் சற்றுச் சுழல வேண்டும். ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையே சராசரியாக 29.530589 நாள். இதற்குள் நிலா நம் உச்சியைக் கடப்பது ஒருமுறை குறைவு, அதாவது 28.530589 முறை. முன்னதைப் பின்னதால் வகுத்து 24-ஆல் பெருக்கினால் நிலாவின் ஒரு நாள் எத்தனை மணி நேரம் என்பது தெரிந்துவிடும்.

இந்த மாதிரிக் கணக்குகளுக்கு நான் திறப்பது ‘பாரி ஜிபி’ என்ற கணிப்பான் நிரலை. பொத்தான்கள் கிடையாது, படங்கள் கிடையாது. வெற்றுத் திரையில் ஒரு கேள்விக்குறி மட்டும் நிற்கும். அதற்குப் பக்கத்தில் 24*29.530589/28.530589 என்று தட்டி என்டரை அழுத்தினால், 24.8412 என்று தொடங்கும் விடை அடுத்த வரியில் வந்துவிடும். அதாவது 24 மணி 50 நிமிடம் 28 விநாடி.

பறம்பு மலை ஆண்ட பாரிக்கும் இந்த நிரலுக்கும் தொடர்பில்லை. பிரான்சின் போர்தோ நகரில் ஆன்றி கோஹனும் அவருடைய கூட்டாளிகளும் 1985-இல் இதைத் தொடங்கினார்கள். பாஸ்கல் என்ற கணினி மொழியில் எண்கணிதம் செய்யவேண்டும் என்ற முதல் எண்ணத்திலிருந்து பெயர் பிறந்தது. பின்னர் சி மொழிக்கு மாறினாலும் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் முல்லைக்குத் தேர் கொடுத்தவனின் பெயர் இதற்குப் பொருத்தம்தான். எண்கோட்பாட்டு ஆய்வாளர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் இந்தக் கருவி யாருக்கும் இலவசம். அதன் மூலநிரலையும் எவரும் படிக்கலாம், திருத்தலாம்.

சாதாரணக் கணிப்பானிலிருந்து இது எங்கே விலகுகிறது? சென்னைத் துறைமுகத்தில் கணக்கராக இருந்து பின்னர் இங்கிலாந்து போன ராமானுஜன், 1914-இல் வெளிவந்த கட்டுரையில் ஒரு விந்தையான எண்ணைக் காட்டினார். 58-இன் வர்க்கமூலத்தைப் பை-யால் பெருக்கி, அந்த விடையை இ என்ற மாறிலியின் அடுக்காக வைக்க வேண்டும். பன்னிரண்டு இலக்கக் கணிப்பானில் இதைப் போட்டால் 24591257752 என்று முழு எண்ணே வந்து நிற்கும். அது தவறு. பாரி வழக்கமாக 38 இலக்கம் வரை கணக்கிடும். அதில் விடை 24591257751.99999982 என்று தொடங்குகிறது. முழு எண்ணுக்கு மயிரிழை தூரத்தில் நிற்கிறது, ஆனால் முழு எண் அல்ல. அந்த மயிரிழைக்குள்தான் ராமானுஜனின் கணிதமே இருக்கிறது. 38 போதாதென்றால் ஆயிரம் இலக்கம் கேட்கலாம். பின்னங்களையும் அது தசமமாக்கிச் சிதைப்பதில்லை: 1/3-உம் 1/7-உம் கூட்டினால் 10/21 என்றே சொல்லும்.

சுழற்சிக் கணக்கு இதன் இன்னொரு வலிமை. பழவேற்காட்டு ஏரியில் வலை கட்டும் இடத்துக்குப் பாடு என்று பெயர். நல்ல இடத்துக்கு எல்லாரும் முட்டிமோதக்கூடாது என்பதற்காக, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளும் வழக்கம் தலைமுறைகளாக உண்டு. ஒரு பேச்சுக்கு, ஒருவருக்கு 2-ஆம் நாளில் தொடங்கி 7 நாளுக்கு ஒருமுறையும், இன்னொருவருக்கு 3-ஆம் நாளில் தொடங்கி 5 நாளுக்கு ஒருமுறையும் முறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே நாளில் ஏரிக்குள் இறங்குவது எப்போது? பாரியில் ‘சைனீஸ்’ என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது. 23-ஆம் நாள், பிறகு 35 நாளுக்கு ஒருமுறை என்று நொடியில் சொல்லும். பழங்காலச் சீனர் ஆராய்ந்த புதிர் என்பதால் அந்தப் பெயர். ஆரியபட்டரின் குட்டகம் என்ற முறையும் இதே வகைப் புதிரைத் தீர்ப்பதுதான்.

லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் பாரி ஓடும். ஆண்ட்ராய்டு போனுக்குப் ‘பாரிட்ராய்டு’ இருக்கிறது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி வீட்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தால், அதுவே இதற்குத் தாராளம்.

நிறுவிய பிறகு ஒருநாள் பழவேற்காட்டுக்குப் போங்கள். கரையோரத்தில் ஒரு குச்சி நட்டு, நீர் உச்சம் தொடும் நேரத்தை இரண்டு நாள் குறித்து, பாரி சொன்ன 24 மணி 50 நிமிடத்தோடு ஒப்பிடுங்கள். அது சராசரிக் கணக்குதான். காற்று, முகத்துவாரத்தை அடைக்கும் மணல்திட்டு, மழைக்காலத்தில் ஆரணி ஆறு கொண்டுவரும் வெள்ளம் எல்லாம் நேரத்தைக் கொஞ்சம் முன்பின் ஆக்கும். அந்த வித்தியாசம் எதனால் வந்தது என்று சொல்லக்கூடியவர், பக்கத்திலேயே வலை உலர்த்திக்கொண்டிருப்பார். கேட்டுப் பாருங்கள்.