சாவியைத் திருகினால் ஒரு நாள் எடுக்கும்... ஒரு நாள் எடுக்காது!

பழைய லோடு வண்டியில் ஸ்டார்ட்டிங் தொல்லையா? பேட்டரி மாற்றுவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

எப்போதும் எடுக்காத வண்டியைச் சரிசெய்வது சுலபம். மெக்கானிக் வந்து பார்க்கும்போதும் அது எடுக்காது. கோளாறு கண்ணெதிரே இருக்கும். நான்கு நாள் ஒழுங்காக எடுத்துவிட்டு, ஐந்தாம் நாள் விடியற்காலையில் மல்லிகைப் பூக்கூடைகளை ஏற்றிய பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிடுகிற வண்டிதான் ஆளைப் படுத்தும். மெக்கானிக் வந்து சாவியைத் திருகினால் சமத்தாக எடுத்துக்கொள்ளும். ‘வண்டி நல்லாத்தானே இருக்கு’ என்று அவரும் கிளம்பிவிடுவார். அதற்குள் வெயில் ஏறி, மொட்டு விரிந்து, மார்க்கெட்டில் விலையும் இறங்கியிருக்கும்.

இந்த மாதிரி வண்டிக்குப் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். முதலில் புது பேட்டரி போடுவார்கள். அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் மாற்றுவார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் டைனமோ. வத்தலக்குண்டு பக்கம் தக்காளியும் மல்லிகையும் போடும் ஒரு விவசாயியின் பழைய டீசல் பிக்கப்புக்கு ஒரே பருவத்தில் பேட்டரியும் மாறியது, செல்ஃப் வேலையும் நடந்தது. தொல்லை மட்டும் போகவில்லை. கடைசியில் காரணம், இன்ஜினையும் சேஸையும் இணைக்கும் பின்னல் எர்த் ஒயர். அந்த வண்டியில் ஏறியது தக்காளி மட்டுமல்ல, உர மூட்டையும்தான். பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒரு வகை உப்பு. மூட்டையிலிருந்து கொட்டும் தூள் பனியிலும் மழையிலும் கரைந்து வழிந்து, இரும்பையும் செம்பையும் அரித்துவிடும். எர்த் ஒயர் மேலே பார்க்க முழுசாக இருந்தது. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது.

அப்படியானால் தினமும் அல்லவா எடுக்காமல் போக வேண்டும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. சின்ன டீசல் இன்ஜினைச் சுற்றவே செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து எடுப்பது சுமார் 10 ஆம்பியர். அரித்துப்போன இணைப்பு விளக்குக்கும் ஹாரனுக்கும் தாராளமாகப் போதும். நல்ல வெயிலில் செல்ஃபுக்கும் எப்படியோ போதும். விடியற்காலைக் குளிரில் ஆயில் கெட்டியாகி, இன்ஜின் சுற்றக் கூடுதல் கரண்ட் கேட்கும்போது கைவிட்டுவிடும். ஆகவே ‘ஹாரன் நல்லா அடிக்குது, பேட்டரி சரியாத்தான் இருக்கு’ என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

எடுக்காத அந்த நிமிஷத்தில்...

வண்டி எடுக்காதபோது திரும்பத் திரும்ப சாவியைத் திருகுவதை விட்டுவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஒரு முறை மட்டும் திருகுங்கள். காதும் கண்ணும் அங்கேயே இருக்கட்டும்.

விளக்கு மங்கி அணைந்துபோனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலிலோ எர்த்திலோ பிடிப்பு இல்லை. விளக்கு பளிச்சென்று அப்படியே எரிந்து, செல்ஃபில் ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால், செல்ஃபின் தலையில் இருக்கும் சொலினாய்டில் செம்புக் காண்டாக்ட் கருகித் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நாலைந்து முறை திருகினால் ஒரு முறை பிடிப்பது இதன் அடையாளம். கார்பன் தேய்ந்திருந்தாலும் இப்படி நடக்கும். மரக்கட்டையால் செல்ஃப் மோட்டாரின் மேல் லேசாகத் தட்டியதும் எடுத்தால் கார்பன் பக்கம் சந்தேகப்படலாம். ஆனால், தட்டித் தட்டியே ஆறு மாதம் ஓட்டுவது ஒரு வைத்தியம் அல்ல. ஒரு நாள் தட்டினாலும் எடுக்காது.

விளக்கு மங்காமல், ‘டக்’ சத்தமும் கேட்கவில்லை என்றால், செல்ஃபுக்கு உத்தரவே போய்ச் சேரவில்லை. சாவி சுவிட்ச், ரிலே, ஃபியூஸ், சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். அந்தக் கிளட்ச் சுவிட்சையும் மறந்துவிடக் கூடாது. ஒரு டெஸ்ட் லேம்ப் இருந்தால் போதும். ஒருவர் சாவியைத் திருக, இன்னொருவர் சொலினாய்டின் மெல்லிய ஒயரில் லேம்ப்பை வைக்கட்டும். எரிந்தும் செல்ஃப் அசையாவிட்டால் கோளாறு செல்ஃபில்தான். எரியாவிட்டால் செல்ஃபைக் கழற்றவே வேண்டாம்.

கொட்டகையில் வைக்கோலுக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்த ஒயரையும் தேடுங்கள். பாதி கடித்த ஒயர் ஆட்டத்துக்கு ஆட்டம் சேரும், விலகும். பகலில் கண்ணுக்குத் தப்பியது, இருட்டில் டார்ச் அடித்து ஒயரை மெல்ல அசைத்துப் பார்க்கும்போது அகப்படுவது உண்டு.

செலவில்லாத வேலை முதலில்

டெர்மினலைக் கழற்றும்போது மைனஸ் பக்கத்தை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியாக மாட்ட வேண்டும். முறை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பீடி, தீக்குச்சி பக்கத்தில் கூடாது. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் வெள்ளைப் பூப்பு நுரைத்துக் கரையும். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடா உள்ளே போனால் பேட்டரி கெடும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, உப்புத்தாள் போட்டு ஈயம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி மாட்டிய பிறகே மேலே வாசலின் தடவுங்கள். பலர் கிரீஸை அப்பிவிட்டு அதன் மேல் கிளாம்பை மாட்டுகிறார்கள். தளர்ந்த கிளாம்புக்குள் சிகரெட் பெட்டித் தாளை மடித்துச் சொருகுவதும் நடக்கிறது. புது கிளாம்பே குறைந்த விலைதான், இந்தச் சிக்கனம் எதற்கு?

எர்த் சரியா என்று அறிய மீட்டர்கூட வேண்டாம். வண்டி எடுக்காத நேரத்தில் ஒரு ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும், மறுமுனையைப் பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பிலும் கவ்வவிட்டு சாவியைத் திருகுங்கள். உடனே சுற்றினால் திருடன் அகப்பட்டான். பழைய எர்த் ஒயரைக் கழற்றி இரண்டு முனையிலும் இரும்பைச் சுரண்டி மாட்டலாம், இற்றுப்போயிருந்தால் புதிது போடலாம்.

சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. டிராக்டர் வைத்திருப்பவர்களும் வாங்கி வைக்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது செல்ஃப் அளவுக்கு மீறி இழுக்கிறது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வந்தால் டைனமோவைத் தொட வேண்டாம்.

காலையில் மட்டும் சார்ஜ் இறங்கியிருந்தால் இரவில் ஏதோ ஒன்று கரண்ட்டைத் தின்கிறது. பிற்பாடு மாட்டிய பாட்டுப் பெட்டி, கூடுதல் விளக்கு, ஜி.பி.எஸ். போன்றவை நேராகப் பேட்டரியிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். அரை ஆம்பியர் கசிந்தாலே ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் ஹவர் போகும். 60 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஐந்தே நாளில் காலி. தினமும் ஓடும்போது தெரியாது, விசேஷத்துக்கு ஊருக்குப் போய்வந்தால் தெரியும்.

செல்ஃப் சுற்றுது, இன்ஜின் பிடிக்கலை

இது வேறு கதை. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால் மின்சாரத்தை விட்டுவிட்டு டீசலைத் தேடுங்கள். பழைய வண்டியில் முதல் சந்தேகம் ஏர் பிடிப்பது. ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு, ஃபில்டர் வாஷர், பைப் முனையில் இருக்கும் செம்பு வாஷர் இவற்றில் ஒன்று லேசாகக் கசிந்தால், இரவில் டீசல் டேங்குக்கே திரும்பிப் போய்விடும். வெளியே ஈரம் தெரியாது. டீசல் கசியாத இடத்திலும் காற்று நுழையும். முகப்பு மேடாக நிறுத்திய நாளில் மட்டும் தொல்லை கொடுத்தால் சந்தேகம் உறுதியாகிறது. ஹேண்ட் பம்ப் அடித்ததும் எடுத்தால் இன்னும் உறுதி. பம்புக்குப் போகும் வழியில் கொஞ்ச நேரம் ஒளி ஊடுருவும் டீசல் ஹோஸ் மாட்டிப் பார்த்தால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

குளிர்ந்த காலையில் மட்டும் நெடுநேரம் சுற்றி, வெண்புகை தள்ளி, பிறகு தட்டுத்தடுமாறி ஓடினால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் ஏர் ஃபில்டர் வழியாக ஈதர் ஸ்பிரேயோ பெட்ரோலோ விடவே கூடாது. சூடான பிளக்கில் பட்டுத் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். சூடாக இருக்கும்போது மட்டும் எடுக்காமல், ஆறியதும் எடுத்தால், சாவி போட்டதும் பம்புக்கு டீசலைத் திறந்துவிடும் சொலினாய்டை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டலாம்.

எப்படியானாலும் ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு நிமிஷம் இடைவெளி கொடுங்கள். திருப்புளியால் செல்ஃபை நேராக ஷார்ட் செய்வது டிராக்டர்காரர்களிடம் பழகிப்போன வித்தை. கியரில் இருந்தால் வண்டி அப்படியே மேலே ஏறிவிடும்.

சாவி தொங்கும் ஆணியிலேயே ஒரு சின்ன நோட்டையும் மாட்டி வையுங்கள். எடுக்காத ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், இன்ஜின் சூடா குளிர்ச்சியா, மழையா, என்ன சத்தம் வந்தது, விளக்கு மங்கியதா என்று இரண்டு வரி போதும், வீட்டில் படிக்கும் பிள்ளை எழுதிவிடும். மெக்கானிக்கிடம் வண்டியோடு அந்த நோட்டையும் கொடுங்கள். அப்போதும் பேட்டரிதான் என்று சொன்னால், பேட்டரிக் கடையில் லோடு டெஸ்ட் போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பழைய பேட்டரியின் வாரன்டி கார்டில் தேதி இன்னும் மிச்சம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.