மாம்பழக் காலத்தில் தன்னடக்கம்

காவேரிப்பட்டினத்தில் மாம்பழக் காலம் வந்ததும், நீரிழிவு உள்ளோர் பலரின் இரத்தச் சர்க்கரை உயர்வதை நாங்கள் காண்கிறோம். அவருக்கு மட்டும் மறுத்துவிட்டு மற்றவர்கள் உண்டால், அவர் மறைவில் உண்பார்.

தூய ஆவியின் கனியைப் பற்றிக் கலாத்தியருக்கு எழுதும் திருத்தூதர் பவுல், தன்னடக்கத்தை இறுதியாக வைக்கிறார். கனி ஒரே நாளில் பழுப்பதில்லை. தவக்காலத்தில் குடும்பமாகப் பழகிய நோன்பை இப்போதும் தொடரலாம்.

பிள்ளைகளே எடைபோட்டு, பெரியவர் ஒவ்வொருவருக்கும் 100 கிராம் பழம் பகிரட்டும். அதில் சுமார் 15 கிராம் சர்க்கரைச் சத்து இருப்பதால், நீரிழிவு உள்ளவர் அவ்வேளைச் சோற்றில் 50 கிராம் குறைக்க வேண்டும். உண்டபின் அனைவரும் சேர்ந்து நடவுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

மருத்துவரைக் கேளாமல் மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தி நோன்பிருப்பது தன்னடக்கம் ஆகாது, அது ஆபத்து.