பிஜித் தீவுக்குப் போன பாதிரியார்

பாதிரிமாருக்கு ராஜீய விவகாரங்களில் என்ன வேலை என்று கேட்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. அன்னிய ஆட்சி நடந்த நாளில் இந்தியாவில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாயிருந்தது. ஆண்டவனும் வெள்ளைக்காரன், வேதம் சொல்ல வந்தவனும் பெரும்பாலும் வெள்ளைக்காரன். அவன் யார் பக்கம் நிற்பான்?

1904-ம் வருஷம் டில்லி ஸெயின்ட் ஸ்டீபன்ஸ் கலாசாலைக்கு ஆசிரியராக வந்த ஸி. எப். ஆண்ட்ரூஸ் இதற்குச் செய்கையால் விடையளித்தார். 1914 ஜனவரியில், கோகலேயின் விருப்பப்படி தென்னாப்பிரிக்கா சென்றவர், டர்பன் துறைமுகத்தில் காந்திஜியின் பாதங்களைக் குனிந்து தொட்டார். அவ்வூர் வெள்ளையர்களுக்கு உண்டான ஆத்திரம் கொஞ்ச நஞ்சமல்ல!

மறு வருஷமே நண்பர் பியர்ஸனுடன் பிஜித் தீவுக்குப் பிரயாணமானார். 1879 முதல் நம் ஏழைகள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கப்பலேற்றப்பட்டனர்; 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. மொத்தம் 60,000 பேருக்கு மேல். அக்கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட துயரத்தைப் பாரதியார் பாடியிருப்பதை நேயர்கள் அறிவார்கள்.

ஆண்ட்ரூஸ் கூலி லயன்களில் புகுந்து விசாரித்தார். ஒப்பந்தப் பத்திரத்தை வரி வரியாக ஆராய்ந்தார். ஐந்து வருஷ வேலை. ஆணுக்குத் தினம் 12 அணா. பீகார்க் குடியானவனுக்கு அது பெருந்தொகை. பிஜியில் விற்ற விலைவாசிக்கு அது எம்மாத்திரம்? வேலைக்கு வராவிட்டால் தண்டனை உண்டென்று சட்டம் சொல்லிற்று. பத்திரத்திலோ அதைப் பற்றி மூச்சே இல்லை. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்று விகிதம் கட்டி அனுப்பினார்கள். குடும்ப வாழ்வு அங்கே என்ன கதியாகியிருக்குமென்று சொல்லவும் வேண்டுமோ? கொலைகளும் தற்கொலைகளும் மலிந்திருந்தன.

இவ்வளவையும் 1916-ல் அறிக்கையாக வெளியிட்டார்கள். அதே வருஷம் மார்ச்சில் பண்டித மாளவியா சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தை வைஸ்ராய் ஹார்டிஞ்ஜ் பிரபு ஏற்றுக்கொண்டார். ஆனால், இந்த முறை இன்னும் சில வருஷம் நீடிக்க லண்டனில் ஏற்பாடாகியிருந்தது. ஆண்ட்ரூஸ் அதை அம்பலப்படுத்தினார். தேசமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. ஸ்திரீகளின் தூது கோஷ்டியே புதிய வைஸ்ராயிடம் சென்றது. 1917-ல் ஆள் சேர்ப்பு நின்றது.

இத்தனைக்கும் அவர் எந்தப் பதவியிலும் இல்லை. டில்லிக் கலாசாலையை விட்டு, 1914-லேயே தாகூரின் சாந்திநிகேதனம் சேர்ந்துவிட்டார். ஏழைகள் வைத்த ‘தீனபந்து’ என்ற பெயரே அவருக்குப் பட்டம்.

1920 ஜனவரி முதல் தேதி பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின. ஆண்ட்ரூஸோ அதற்கு முன்பே, அங்குள்ள இந்தியர்களின் குறைகளைக் கேட்கக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியிருந்தார்.