உங்களுக்குத் தெரியுமா? ஊமைத்துரையிடம் தோற்ற எம்.பி.

கரிசல் காட்டின் ஒரு மண்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியவர், பிற்பாடு ஜெனரலாகி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்தார். 1801 மார்ச் 31-இல் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கித் தோற்ற மேஜர் காலின் மெக்காலே, 1826 முதல் 1830 வரை சால்டாஷ் தொகுதி உறுப்பினர்.

• 1801 பிப்ரவரி 2. பாளையங்கோட்டையில் மெக்காலேயின் தோட்ட வீட்டில் வெள்ளையர்களுக்கு விருந்து. அந்த நேரத்தில்தான் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் சிறையிலிருந்து தப்பினார்கள். கட்டபொம்மனின் வீழ்ச்சிக்குப்பின் இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை, ஆறே நாளில் மறுபடி நிமிர்ந்து நின்றது. என்ன உழைப்பு அது! இந்தச் சேதிகளை வியந்து எழுதிவைத்தவர் எதிரணி அதிகாரியான ஜேம்ஸ் வெல்ஷ். அவரும் பின்னாளில் ஜெனரல்தான்.

• மே 24-இல் கோட்டை விழுந்தபோது ஆங்கிலேயப் படையின் தலைமை அக்னியூ என்ற அதிகாரியிடம், மெக்காலேயிடம் அல்ல.

• மெக்காலேயும் சிறையை அறிந்தவரே. இளம் வயதில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மைசூர் அரசின் போர்க்கைதி.

• 1808-இல் அவர் திருவிதாங்கூர் ரெசிடென்ட், அதாவது அங்கே ஆங்கிலேயரின் பிரதிநிதி. அந்நாட்டு அமைச்சர் வேலுத்தம்பி தளவாயின் ஆட்கள் கொச்சியில் அவரது மாளிகையைத் தாக்கினார்கள். ஒளிந்து, கப்பலேறித் தப்பினார்.

• இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வாதாடி 1835-இல் குறிப்பு எழுதிய தாமஸ் மெக்காலே, இவருடைய தம்பி மகன்.