நிறமூட்டிய முகக் கிரீம்கள்: தேர்வும் பயன்பாடும்

நிறமூட்டிய முகக் கிரீம் என்பது, சருமத்துக்கு ஈரப்பதத்தையோ வெயில் பாதுகாப்பையோ தரும் கிரீமில் சரும நிறத்தை ஒத்த நிறமியைச் சிறிதளவு கலந்து தயாரிக்கப்படும் மெல்லிய ஒப்பனைப் பொருள் ஆகும். ஃபவுண்டேஷன் முகத்தை முழுவதுமாக மூடி மறைக்கும். இவ்வகைக் கிரீமோ சருமம் வெளியே தெரியும்படி இருந்துகொண்டே, ஆங்காங்கே உள்ள நிற வேறுபாட்டைச் சற்றுச் சீராக்கும். எனவே கல்லூரிக்கும் பணிக்கும் செல்வோர் அன்றாடப் பயன்பாட்டுக்கு இதை விரும்புகின்றனர்.

இதில் சேர்க்கப்படும் நிறம் அழகுக்காக மட்டுமே என்பது பலரின் எண்ணம். ஆனால் மாநிறமும் கருநிறமும் கொண்ட சருமத்தில் அந்த நிறமியே ஒரு பாதுகாப்பாகவும் செயல்படுகிறது. அதே நேரத்தில், அட்டையில் அச்சிட்டிருக்கும் பாதுகாப்பு எண்ணை நம்பி மிகக் குறைவாகப் பூசினால் அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. இவ்விரு செய்திகளையும் அறிந்தவர், விளம்பரத்தின் துணையின்றித் தமக்கேற்றதைத் தேர்ந்தெடுக்க முடியும்.

வகைகள்

கடைகளில் கிடைப்பவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

1. நிறமூட்டிய மாய்ஸ்சரைசர்: ஈரப்பதம் தருவதே இதன் முதன்மைப் பணி. நிறம் மிக மெலிதாக இருக்கும்.
2. பி.பி. கிரீம்: ஈரப்பதம், நிறம், வெயில் பாதுகாப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தது. சற்றுக் கூடுதலாக மறைக்கும்.
3. சி.சி. கிரீம்: சிவப்பு, கருமை போன்ற நிற வேறுபாடுகளைச் சரிசெய்வதை நோக்கமாகக் கொண்டது.
4. நிறமூட்டிய சன்ஸ்கிரீன்: வெயில் பாதுகாப்பே இதன் முதன்மைப் பணி. நிறம் துணைக்கு வருவது.

இப்பெயர்களுக்கு எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் ஒரே வரையறை கிடையாது. ஒரு நிறுவனத்தின் பி.பி. கிரீம், மற்றொன்றின் சி.சி. கிரீமைப் போலவே இருக்கலாம். எனவே பெயரைக் காட்டிலும் உட்பொருள் பட்டியலைப் பார்த்து வாங்குவதே சரி.

வரலாறு

நிறமண்ணைக் கொழுப்பில் குழைத்துச் சருமத்தில் பூசும் வழக்கம் பழமையானது. ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டில் வாழும் ஹிம்பா இனப் பெண்கள் காவிக்கல் பொடியை வெண்ணெய்க் கொழுப்புடன் கலந்து இன்றும் உடலில் பூசுகின்றனர். காவிக்கல்லின் செந்நிறத்துக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு. நம் ஊர்ச் செம்மண்ணுக்கும், கோலத்தைச் சுற்றி இழுக்கும் காவிக் கரைக்கும் நிறம் தருவதும் அதுவே.

பி.பி. கிரீமின் தொடக்கம் ஜெர்மனியில் உள்ளது. 1960களில் கிறிஸ்டின் ஷ்ராமெக் என்ற மருத்துவர், சரும உரிப்புச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் சிவந்த தோலை ஆற்றவும் மறைக்கவும் ஒரு களிம்பை உருவாக்கினார். 'பிளெமிஷ் பாம்' என்பதன் முதலெழுத்துகளே பி.பி. ஆயின. மாசுகளுக்கான தைலம் என்பது அதன் பொருள். பின்னர் தென்கொரியாவில் இது பெரும் வரவேற்பைப் பெற்றது. 2010க்குப் பின் மேலைநாட்டுச் சந்தைகளிலும் இந்தியாவிலும் பரவியது. ஆக, இது சிகிச்சையின் பின்துணையாகப் பிறந்து ஒப்பனைப் பொருளாக வளர்ந்த ஒன்று.

நிறமி செயல்படும் விதம்

சூரிய ஒளியில் சருமத்தைப் பாதிக்கும் பகுதிகள் மூன்று. அவற்றின் அலைநீளங்கள் வருமாறு:

- புற ஊதா பி: 280 முதல் 320 நானோமீட்டர். சருமத்தைச் சிவக்கவைத்து எரிச்சல் தருவது பெரும்பாலும் இதுவே.
- புற ஊதா ஏ: 320 முதல் 400 நானோமீட்டர். சருமத்தில் ஆழமாக இறங்கிக் கருமையையும் சுருக்கத்தையும் உண்டாக்கும். சாதாரணச் சன்னல் கண்ணாடியையும் ஓரளவு கடந்து வரும்.
- கண்ணுறு ஒளி: 400 முதல் 700 நானோமீட்டர். நாம் பொருள்களைக் காண உதவும் ஒளி இது.

கண்ணுறு ஒளி சருமத்துக்குத் தீங்கற்றது என்றே நீண்ட காலம் கருதப்பட்டது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மாற்றியது. கருநிறச் சருமத்தில் கண்ணுறு ஒளி பட்ட இடம் கறுத்து, அக்கருமை பல நாள் நீடித்தது. வெண்ணிறச் சருமத்தில் அவ்வாறு நிகழவில்லை.

வெயிலுக்குச் சருமம் காட்டும் எதிர்வினையைக் கொண்டு மனிதச் சருமத்தை வகைப்படுத்தும் முறையை 1975இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் வகுத்தார். இன்று அது 6 வகைகளைக் கொண்டுள்ளது. தமிழர் பலரின் சருமம் அதில் 4 முதல் 6 வரையான வகைகளில் அடங்கும். ஆகவே கண்ணுறு ஒளியால் வரும் கருமை நமக்கு அக்கறைக்குரியது. கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்கு, பரு ஆறியபின் தங்கும் கரும்புள்ளி ஆகியவை இதனால் மேலும் அடர்கின்றன.

நிறமற்ற சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும். கண்ணுறு ஒளியைப் பெரும்பாலும் தடுக்காது. பூசியபின் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது என்றாலே கண்ணுறு ஒளி அதனூடே செல்கிறது என்பது பொருள். இரும்பு ஆக்சைடோ அவ்வொளியின் ஒரு பகுதியை, குறிப்பாக ஊதா, நீலப் பகுதியை, உறிஞ்சிக்கொள்கிறது. 2014இல் மெக்சிக்கோவில் மங்கு உள்ளவர்களிடம் 8 வாரம் நடந்த ஆய்வில், இரும்பு ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு, அது கலவாததைப் பூசியவர்களைவிடக் கூடுதல் முன்னேற்றம் காணப்பட்டது.

வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் கலமைன் லோஷன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதிலுள்ள கலமைன் பொடியின் பெரும்பகுதி வெண்மையான துத்தநாக ஆக்சைடு. சிறிதளவே சேரும் இரும்பு ஆக்சைடுதான் அதற்கு இளஞ்சிவப்பு நிறத்தைக் கொடுக்கிறது.

கைப்பேசித் திரையின் நீல ஒளி, வெயிலோடு ஒப்பிட மிகமிகக் குறைவு. திரை ஒளியிலிருந்து காக்கும் என்று சொல்லும் கிரீமுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

அட்டையில் பார்க்க வேண்டியவை

எஸ்.பி.எஃப். என்பது முக்கியமாகப் புற ஊதா பி கதிரிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பைக் குறிக்கும். எஸ்.பி.எஃப். 15 ஏறத்தாழ 93 விழுக்காட்டையும், 30 ஏறத்தாழ 97 விழுக்காட்டையும், 50 ஏறத்தாழ 98 விழுக்காட்டையும் தடுக்கும். எண் இரு மடங்கானால் பாதுகாப்பும் இரு மடங்காகும் என்பது தவறான கணக்கு. வெயிலில் செல்வோருக்கு 30 அல்லது அதற்கு மேல் தேவை.

பி.ஏ. என்ற எழுத்துகளும் அதையடுத்து வரும் கூட்டல் குறிகளும் புற ஊதா ஏ கதிருக்கானவை. இது ஜப்பானில் தோன்றிய முறை. குறிகள் ஒன்று முதல் நான்கு வரை இருக்கும். மூன்று அல்லது நான்கு குறிகள் உள்ளதை வாங்கலாம்.

உட்பொருள் பட்டியலில் 'அயர்ன் ஆக்சைட்ஸ்' என்ற பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில அட்டைகளில் பெயருக்குப் பதிலாகச் சி.ஐ. என்று தொடங்கும் நிறமி எண்களே இருக்கும். 77491 சிவப்பு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு இரும்பு ஆக்சைடுகளைக் குறிக்கும். இம்மூன்றையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்தே பழுப்பு நிறங்கள் உண்டாக்கப்படுகின்றன. 77891 என்பது டைட்டானியம் டை ஆக்சைடு. இது வெண்ணிறமானது. இரும்பு ஆக்சைடு குறைந்து இது மிகுந்தால், மாநிற முகத்தில் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும்.

பட்டியலில் 1 விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருள்கள் மிகுதியிலிருந்து குறைவு என்ற வரிசையில் எழுதப்படும். எனவே விளம்பரத்தில் பெரிதாகக் காட்டப்படும் மூலிகைச் சாறு பட்டியலின் கடைசியில் இருந்தால், அது பெயரளவுக்கே சேர்ந்துள்ளது எனலாம்.

எவ்வளவு பூச வேண்டும்

ஆய்வகத்தில் எஸ்.பி.எஃப். அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசுகின்றனர். முகத்தின் பரப்பு 500 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால் 1000 மில்லிகிராம், அதாவது 1 கிராம் தேவைப்படும். 30 கிராம் குழாய் ஒரு மாதத்தில் தீர்ந்துவிட வேண்டும்.

ஆனால் ஒப்பனையாகப் பூசுவோர் பட்டாணி அளவே எடுக்கின்றனர். 30 கிராம் குழாய் 4 மாதம் வந்தால், நாளொன்றுக்கு 0.25 கிராம்தான் செலவாகிறது. அதாவது தேவையான அளவில் கால் பங்கு. அப்படிப் பூசினால் அட்டையில் உள்ள எண் வெறும் எண்ணாகவே நின்றுவிடும்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. நிறமூட்டிய சன்ஸ்கிரீனையே போதிய அளவு பூசலாம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் இரு கோடுகள் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு ஏறக்குறைய வந்துவிடும். அல்லது சாதாரணச் சன்ஸ்கிரீனை முழு அளவு பூசி, அது படிந்த பின் நிறமூட்டிய கிரீமை மெலிதாகத் தடவலாம். 30 உள்ளதன் மேல் 15 உள்ளதைப் பூசினால் 45 ஆகிவிடாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வெயிலில் நிற்போரும் மிகுதியாக வியர்ப்போரும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். குடை, தொப்பி, நிழல் ஆகியவற்றுக்கு எந்தக் கிரீமும் மாற்றாகாது.

சருமத்தின் தன்மைக்கேற்ற தேர்வு

முகத்தைக் கழுவி எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் இருந்தால் சருமத்தின் தன்மை ஓரளவு தெரியும். முழுவதும் பளபளத்தால் எண்ணெய்ச் சருமம். இழுத்துப் பிடித்தாற்போல இருந்தால் வறண்ட சருமம். நெற்றியும் மூக்கும் மட்டும் பளபளத்தால் இரண்டும் கலந்தது.

- எண்ணெய்ச் சருமம்: நீர்த்தன்மை மிகுந்த ஜெல் வகை ஏற்றது. நயாசினமைடு எனப்படும் வைட்டமின் பி3 உள்ளவை நல்லவை. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இவ்வகையே வசதியானது.
- வறண்ட சருமம்: கிளிசரின், ஹையலூரானிக் அமிலம், செரமைடு ஆகியவை உள்ள கிரீம் வகை ஏற்றது.
- பரு வரும் சருமம்: துளைகளை அடைக்காதது என்ற குறிப்புள்ளதை வாங்கலாம். தேங்காய் எண்ணெய் முன்னிடம் பெற்றவற்றைத் தவிர்க்கலாம்.
- எளிதில் ஒவ்வாமை கொள்ளும் சருமம்: நறுமணம் சேர்க்காதது நல்லது. துத்தநாக ஆக்சைடு அடிப்படையிலான சன்ஸ்கிரீன் பொதுவாக எரிச்சல் குறைந்தது.
- கருவுற்ற பெண்கள்: இக்காலத்தில் மங்கு வருவது வழக்கம் என்பதால் இரும்பு ஆக்சைடு உள்ளது பயன் தரும். ரெட்டினால் கலந்தவற்றைத் தவிர்க்க வேண்டும்.

நிறத்தைப் பொருத்திப் பார்த்தல்

கையின் பின்புறத்தில் தடவிப் பார்ப்பது சரியான முறையன்று. கையின் நிறமும் முகத்தின் நிறமும் வேறுபடும். கன்னமும் கழுத்தும் சேரும் தாடையோரத்தில் இரண்டு மூன்று நிறங்களைக் கோடாக இட்டு, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிடுகிறதோ அதுவே உரியது. சில கிரீம்கள் சருமத்தின் எண்ணெயோடு கலந்து சற்று அடர்ந்துவிடும். எனவே 15 நிமிடம் பொறுத்து முடிவெடுப்பது நல்லது.

முன்பு இத்தகைய பொருள்களில் வெளிர்நிறங்களே மிகுதியாகக் கிடைத்தன. 2017இல் ஃபென்ட்டி பியூட்டி நிறுவனம் 40 நிறங்களில் ஃபவுண்டேஷனை வெளியிட்ட பின் பிற நிறுவனங்களும் அடர்நிறங்களைக் கூட்டின. ஆயினும் 'எல்லா நிறத்துக்கும் ஏற்றது' என்று ஒரே நிறத்தில் விற்கப்படுபவை கருநிறச் சருமத்தில் வெளிறித் தெரிவதுண்டு. ஒரு படி வெளிர்நிறமாக எடுத்துக்கொள்வதில் பயனில்லை; முகம் தனியாகவும் கழுத்து தனியாகவும் தெரியும். அதோடு, அடர்ந்த நிறங்களில் இரும்பு ஆக்சைடும் பொதுவாக மிகுதி. தன் நிறத்துக்கு ஒத்ததை எடுப்பவருக்குப் பாதுகாப்பும் கூடுகிறது.

வெளுப்பாக்கும் கிரீம்கள்: எச்சரிக்கை

நிறமூட்டிய கிரீமும் வெளுப்பாக்கும் கிரீமும் வெவ்வேறு. முன்னது கழுவினால் போய்விடும் நிறம். பின்னது சருமத்தின் இயல்பையே மாற்ற முயல்வது. சில நாள்களில் சிவப்பழகு என்று கூறி, முகவரியில்லாமல் விற்கப்படும் கிரீம்களில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கக்கூடும்.

பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும். கருவிலுள்ள குழந்தையையும் சென்றடையும். 2013இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2020க்குள் நிறுத்துமாறு கூறியது. ஸ்டீராய்டு களிம்பைத் தொடர்ந்து முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, பருவும் முடியும் வளரும். நிறுத்தினால் முகம் எரியும். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்ற பெயர்கள் அட்டையில் இருந்தால் அது அழகுப் பொருளன்று, மருந்து. மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடக்கூடாது.

தயாரிப்பாளரின் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை இல்லாத பொருளை, யார் பரிந்துரைத்தாலும், வாங்காதிருப்பதே பாதுகாப்பு.

பயன்பாடும் பராமரிப்பும்

- புதிய கிரீமை முகத்தில் பூசுமுன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் தடவிப் பார்க்க வேண்டும். அரிப்போ தடிப்போ வந்தால் விட்டுவிட வேண்டும்.
- இரவு உறங்கும் முன் மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவ வேண்டும். அழுத்தித் தேய்த்தால் மங்கு மிகும்.
- ஸ்பாஞ்சை அடிக்கடி கழுவி உலர்த்த வேண்டும். ஒருவருடையதை மற்றவர் பயன்படுத்தக்கூடாது.
- அட்டையில் திறந்த டப்பாவின் படத்துக்குள் 6 அல்லது 12 என்று இருந்தால், திறந்த பின் அத்தனை மாதங்களுக்கே பயன்படுத்தலாம் என்று பொருள்.

மங்கு விரைந்து பரவினாலும், பரு வலியோடு வீங்கினாலும், புள்ளியொன்று நிறமோ வடிவமோ மாறினாலும் அதை நிறத்தால் மறைத்துவைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.